வி-கிராஸுக்கு ட்யூனிங்: பாக்ஸா, ரீமேப்பா, அப்படியே விடுவதா?

இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு கடைசியில் ட்யூனிங்கில்தான் போய் நிற்கும். வண்டியின் உறுதியைப் பற்றி யாருக்கும் குறையில்லை. ஏணிச் சட்டகம், பின்னால் லீஃப் ஸ்பிரிங், நான்கு சக்கர இழுவை என்று எல்லாமே உழைக்கத் தெரிந்தவை. குறை ஒன்றுதான்: "இழுவை இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்." அந்தக் கொஞ்சத்தை எப்படி வாங்குவது என்பதில்தான் ஆளுக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள்.

இந்தியச் சாலையில் ஓடும் வி-கிராஸ்களைப் பெரும்பாலும் இரண்டு வகையாகப் பிரிக்கலாம். சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீசிட்டி ஆலையிலிருந்து 2016-ல் வரத் தொடங்கிய பிஎஸ்4 (பழைய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் இருப்பது 2.5 லிட்டர் 4ஜேகே1 எஞ்சின். 136 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர் டார்க், ஐந்து கியர் மேனுவல். 2021-ல் வந்த பிஎஸ்6 வண்டியில் 1.9 லிட்டர் எஞ்சின்: 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர், ஆறு கியர் மேனுவல் அல்லது ஆறு கியர் ஆட்டோமேட்டிக். இடையில் 2019-ல் இதே 1.9 எஞ்சின் பிஎஸ்4 வடிவில் 150 குதிரைத்திறனோடு ஆட்டோமேட்டிக்கில் சில காலம் வந்தது. உங்களிடம் இருப்பது எது என்பதைப் பொறுத்து பதில் தலைகீழாக மாறும். எல்லாருக்கும் ஒரே பொதியை விற்கும் கடைக்காரரிடம் இதனால்தான் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உத்தரவாதம் முடிந்த, நன்றாகப் பராமரித்த 2.5 லிட்டர் வண்டிக்கு, அந்த ஒரு வண்டியை ஓட்டிப் பார்த்து எழுதிய மிதமான ரீமேப், அதாவது எஞ்சின் கணினியின் மென்பொருள் மாற்றம், பொருத்தமானது. 1.9 பிஎஸ்6 வண்டியை உத்தரவாதம் முடியும்வரை தொடாதீர்கள். எஞ்சினுக்கும் அதன் கணினிக்கும் நடுவில் கம்பியில் மாட்டும் ட்யூனிங் பாக்ஸை இரண்டுக்குமே நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

முதலில், குறைவது எது?

பவர் போதவில்லை என்று சொல்பவர்களிடம் எங்கே போதவில்லை என்று கேட்டால் இரண்டு பதில்கள் வரும். ஒன்று, நெடுஞ்சாலையில் எண்பதில் போகும் லாரியைத் தாண்டும்போது டாப் கியரில் வண்டி யோசிக்கிறது. இன்னொன்று, மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவிலிருந்து வெளியே வரும்போது வண்டி செத்துக் கிடக்கிறது.

இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள். முதலாவதற்கு ரீமேப் நிஜமான தீர்வு. இரண்டாவதற்குப் பெரும்பாலும் இல்லை. திம்பத்தின் 27 வளைவுகளில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கியரில் வளைந்து நிமிரும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 1,200 சுற்றில் இருக்கும். அந்த வேகத்தில் டர்போவைச் சுழற்றப் போதுமான புகை எஞ்சினிலிருந்து வரவில்லை. எனவே உள்ளே போகும் காற்றும் குறைவு. காற்றில்லாமல் டீசலை மட்டும் கூட்டினால் வருவது கரும்புகைதான், இழுவை வராது. 320 என்ற எண் 1,800 சுற்றில்தான் தொடங்குகிறது. டர்போவின் வேன்களை (புகையைத் திருப்பும் தகடுகளை) இன்னும் சீக்கிரம் மூடச் சொல்லி ஒரு நல்ல ட்யூனர் கொஞ்சம் மீட்டுத் தரலாம். ஆனால் முதல் கியருக்கு இறங்குவது தரும் பலனை எந்த மென்பொருளும் தராது.

இதைவிட அடிக்கடி பார்ப்பது டயர் செய்யும் வேலை. தொடக்ககால வி-கிராஸின் 255/65 ஆர்17 டயரைக் கழற்றிவிட்டு, பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்று 265/70 ஆர்17 போடுகிறார்கள். விட்டம் சுமார் 763 மில்லிமீட்டரிலிருந்து 803-க்குப் போகிறது. அதாவது ஐந்து சதவீதம். ஒவ்வொரு கியரும் அவ்வளவு நீளமாகிறது. சக்கரம் தரையைத் தள்ளும் விசை அதே அளவு குறைகிறது. கூடவே பின்னால் கேனப்பி, கூரைமேல் கூடாரம், இரும்பு பம்பர், வின்ச். ஆளில்லாமலேயே இருநூறு கிலோ ஏறிவிடும். இதெல்லாம் முடிந்தபின் "கம்பெனி ட்யூன் சரியில்லை" என்று ட்யூனரிடம் போகிறார்கள். ட்யூன் அப்படியேதான் இருக்கிறது. மாறியது வண்டி.

எதுவும் சேர்க்காத வழி

ஐந்தாறு வருடம் ஓடிய 4ஜேகே1 எஞ்சினில் இழந்த இழுவையைத் திரும்பப் பெறுவதே பாதி வேலை. ஈஜிஆர் வால்வு வழியாகத் திரும்பி வரும் புகையின் கரியும், எஞ்சின் மூச்சுக்குழாய் வழியாக வரும் ஆயில் ஆவியும் சேர்ந்து இன்டேக் மேனிஃபோல்டுக்குள் தார் மாதிரி படியும். பூஸ்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை, அளக்கும் சென்சாரின் மூக்கிலும் அதே கரி. அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில், கிளாம்ப் கடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மெல்லிய வெடிப்பு இருக்கும். வண்டி நிற்கும்போது வாய் மூடியிருக்கும். பூஸ்ட் ஏறினால் மட்டும் திறக்கும். விரலால் தடவினால் அந்த இடத்தில் மட்டும் ஆயில் பிசுபிசுப்பும் அதன்மேல் படிந்த தூசியும் தட்டுப்படும். நான் முதலில் பார்க்கச் சொல்லும் இடம் அதுதான். அந்த ஹோஸை மாற்றியதுமே "ரீமேப் போட்ட மாதிரி இருக்கிறது" என்று சொன்ன உரிமையாளர்கள் உண்டு.

அதோடு ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஸ்கேனர் வைத்து நான்கு இன்ஜெக்டர்களின் திருத்த அளவுகள். ஒன்று மட்டும் மற்ற மூன்றிலிருந்து விலகி நின்றால் முதலில் அதைக் கவனியுங்கள். குறையுள்ள எஞ்சினில் ரீமேப் ஏற்றினால் குறையும் சேர்ந்தே பெரிதாகும்.

ட்யூனிங் பாக்ஸ்

இதன் கவர்ச்சி புரிகிறது. அரை மணி நேரத்தில் மாட்டலாம், சர்வீஸுக்கு விடுமுன் கழற்றலாம், தடயம் இருக்காது என்பார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் ஆசை குறையும்.

காமன் ரயில் டீசலில் எரிபொருள் 1,600 முதல் 2,000 பார் வரையிலான அழுத்தத்தில் ஒரு குழாயில் காத்திருக்கும். அந்த அழுத்தத்தை ஒரு சென்சார் மின்னழுத்தமாக எஞ்சின் கணினியான ஈசியூவுக்குச் சொல்லும். எளிய பாக்ஸ் இந்தக் கம்பியின் நடுவில் உட்கார்ந்து, உண்மையைவிடக் குறைவான அளவைச் சொல்கிறது. காய்ச்சல்மானியை ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்து டாக்டரிடம் காட்டுவது போலத்தான். அழுத்தம் குறைகிறது என்று நம்பி ஈசியூ பம்பை இன்னும் அழுத்தச் சொல்லும். இன்ஜெக்டர் அதே நேரம்தான் திறந்திருக்கும். ஆனால் அதிக அழுத்தத்தில் அதிக டீசல் பாயும். பவர் கூடுகிறது, உண்மைதான்.

ஆனால் இப்போது ஈசியூவுக்கு உள்ளே எவ்வளவு டீசல் போகிறது என்பதே தெரியாது. புகையைக் கட்டுப்படுத்தும் எல்லை, டார்க் எல்லை, வெப்பம் ஏறினால் எரிபொருளைக் குறைக்கும் பாதுகாப்பு என்று எல்லாமே அந்தத் தவறான கணக்கின் மேல்தான் நிற்கின்றன. பம்பும் இன்ஜெக்டரும் எப்போதும் கூடுதல் அழுத்தத்தில் உழைக்கின்றன. அவை உடைந்தால் வரும் செலவு பாக்ஸின் விலையைப் போலப் பல மடங்கு. கழற்றி வைத்துவிட்டால் தடயம் இருக்காது என்பதும் முழு உண்மையில்லை. பாக்ஸ் இருந்த காலத்தில் பதிவான பிழைக் குறியீடுகளும், தேய்ந்த பாகங்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். பூஸ்ட் சென்சாரையும் சேர்த்துக் கவனிக்கும் விலையுயர்ந்த பாக்ஸ்கள் இதைவிட மேல். ஆனால் அந்த விலைக்கு ஒரு சரியான ரீமேப்பே கிடைக்கும்.

ஆக்ஸிலரேட்டர் பெடலில் மாட்டும் சின்னக் கருவி இதிலிருந்து வேறுபட்டது. அது பவரைத் துளியும் கூட்டாது. நீங்கள் முப்பது சதவீதம் மிதித்தால் ஐம்பது என்று சொல்லும், அவ்வளவே. எஞ்சினுக்கு ஆபத்தில்லை. நகரத்தில் வண்டி சுறுசுறுப்பாகத் தெரியும். உத்தரவாதத்தில் இருக்கும் 1.9 வண்டிக்காரர் ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று துடித்தால் நான் கைகாட்டுவது இதைத்தான், அதையும் சேவை மையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

ரீமேப்: எவ்வளவு போதும்?

ரீமேப்பில் ஈசியூவிடம் யாரும் பொய் சொல்வதில்லை. அதன் உள்ளே இருக்கும் அட்டவணைகளையே மாற்றுகிறார்கள்: எந்தச் சுற்றில் எவ்வளவு டீசல், எவ்வளவு பூஸ்ட், எவ்வளவு ரயில் அழுத்தம், எந்த நொடியில் தெளிப்பது, எந்த அளவுக்கு மேல் போகக்கூடாது. நல்ல ட்யூனர் இவற்றை ஒன்றுக்கொன்று இசைவாக உயர்த்துவார். முதலில் காற்று, பிறகுதான் டீசல். சோம்பேறி ட்யூனர் எல்லா எண்ணையும் ஒரே சதவீதத்தில் பெருக்கிவிட்டு எல்லைகளைத் திறந்துவிடுவார். கையில் வரும் வண்டி முதல் நாள் இரண்டிலும் ஒரே மாதிரிதான் பாயும். வித்தியாசம் ஒரு வருடம் கழித்து, நீண்ட ஏற்றத்தில் தெரியும்.

பலனைக் கணக்காகவே பார்க்கலாம். 2,000 சுற்றில் 320 நியூட்டன் மீட்டர் என்றால் அந்தப் புள்ளியில் 91 குதிரைத்திறன். அதை 380 ஆக்கினால் 108. உச்சத்தில் எவ்வளவு கூடியது என்று விளம்பரம் சொல்லும். லாரியைத் தாண்டும்போது காலுக்குக் கிடைப்பது இந்த நடு இடத்துப் பதினேழுதான். அது நன்றாகவே தெரியும்.

ஏன் 380-ல் நிறுத்தச் சொல்கிறேன்? இதே குடும்பத்தின் 3.0 லிட்டர் 4ஜேஜே1 எஞ்சினோடு ஆஸ்திரேலியா போன்ற சந்தைகளில் 2017-க்கு முன் விற்ற டி-மேக்ஸில் இசுஸு கொடுத்ததே 380 நியூட்டன் மீட்டர்தான். அரை லிட்டர் குறைவான எஞ்சினில் அந்த அளவை எட்டினாலே அது தாராளம். அதற்கு மேல் 420, 430 என்று கேட்பவர்கள் கிளட்சை மறந்துவிடுகிறார்கள்.

கிளட்ச் விஷயத்தில் டொயோட்டா ஹைலக்ஸைப் பாருங்கள். 2022-ல் இங்கே வந்த ஹைலக்ஸின் 2.8 லிட்டர் எஞ்சின் மேனுவலிலும் ஆட்டோமேட்டிக்கிலும் ஒன்றே, 204 குதிரைத்திறனும் ஒன்றே. ஆனால் டார்க் ஆட்டோமேட்டிக்கில் 500, மேனுவலில் 420. எண்பது நியூட்டன் மீட்டரைத் தயாரித்த கம்பெனியே விட்டுக்கொடுத்திருக்கிறது. எஞ்சினால் முடியும் என்பதாலேயே அதன் பின்னால் இருப்பவற்றாலும் முடியும் என்று ஆகிவிடாது. "மேனுவல் ஹைலக்ஸை ஆட்டோமேட்டிக் அளவுக்கு ஏற்றித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால், டொயோட்டா ஏன் அதைச் செய்யவில்லை என்று திருப்பிக் கேளுங்கள்.

உங்கள் கிளட்ச் தாங்குமா என்று வீட்டுப் பக்கத்திலேயே சோதிக்கலாம். காலியான ஏற்றத்தில், நான்காவது கியரில், 1,500 சுற்றிலிருந்து முழுதாக மிதியுங்கள். டாக்கோமீட்டர் முள்ளும் ஸ்பீடோமீட்டர் முள்ளும் சேர்ந்தே ஏறவேண்டும். 2,000-ஐ நெருங்கும்போது எஞ்சின் சுற்று மட்டும் துள்ளி முந்தினால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். கம்பெனி டார்க்கிலேயே வழுக்கினால் ரீமேப் பேச்சே வேண்டாம். கிளட்ச் செட்டை மாற்றிவிட்டுப் பிறகு யோசியுங்கள்.

அடுத்தது வெப்பம். டீசலில் எரிபொருள் கூடக்கூட வெப்பம் ஏறும். கூடுதல் இழுவை வேண்டும் என்பவர் புகைக்குழாயில், டர்போவுக்கு முன்னால், ஒரு வெப்பமானி பொருத்திக்கொள்வது நல்லது. தொடர்ந்து ஏறும்போது 700 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் வைத்துக்கொள்வது நிதானமான ட்யூனர்களின் வழக்கம். ஒரு லாரியைத் தாண்டும் பத்து நொடிக்கு எந்த மேப்பும் தாங்கும். பின்னால் பாரம் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறுவது அப்படியல்ல. அங்கே எஞ்சின் ஒரு மணி நேரத்துக்கு மேல் மூச்சு வாங்குகிறது, வேகம் குறைவு என்பதால் ரேடியேட்டருக்கும் இன்டர்கூலருக்கும் எதிர்க்காற்றும் குறைவு. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். அதே பூஸ்டைக் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுழலவேண்டும். கம்பெனி மேப் இதை அறிந்து உயரத்தில் பூஸ்டைக் குறைத்துக்கொள்ளும். அந்தத் திருத்தத்தை எடுத்துவிட்ட மேப் கோயம்புத்தூரில் சோதிக்கும்போது அருமையாக ஓடும். டர்போவின் ஆயுளைக் குன்னூருக்கு மேலே தின்னும்.

1.9 வண்டி ஏன் வேறு?

2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க பிஎஸ்6 வந்தபோது டீசலில் கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து 10-க்கு இறங்கியது. அதோடு வண்டியின் புகைக்குழாயில் டிபிஎஃப் வந்தது. கரித்துகளைப் பிடித்து வைத்து, அவ்வப்போது சுமார் 600 டிகிரியில் எரித்துச் சாம்பலாக்கும் வடிகட்டி அது. பழைய வண்டியில் கொஞ்சம் புகை கூடினால் பின்னால் வருபவர் திட்டுவார், அத்தோடு போகும். இங்கே கூடும் ஒவ்வொரு துளிக் கரியும் வடிகட்டியில் சேர்கிறது. அடிக்கடி எரிக்கவேண்டி வருகிறது, எரிக்கத் தெளிக்கும் டீசல் கொஞ்சம் எஞ்சின் ஆயிலில் இறங்குகிறது, ஆயில் நீர்க்கிறது. ஊருக்குள் குறுந்தூரம் மட்டும் ஓட்டுபவருக்கு ரீமேப் இல்லாமலே இந்தத் தொல்லை உண்டு.

இதற்கு ட்யூனர்கள் சிலர் காட்டும் குறுக்கு வழி, டிபிஎஃப்பை வெட்டி எடுத்துவிட்டு மென்பொருளில் அதை மறைப்பது. இதை நான் எந்த நிலையிலும் ஆதரிக்கமாட்டேன். சட்டவிரோதம் என்பது ஒரு காரணம். நம் வண்டிக்குப் பின்னால் ஸ்கூட்டரில் குழந்தையை வைத்துக்கொண்டு வருபவரின் நுரையீரல் இன்னொரு காரணம், எனக்கு அதுதான் பெரியது. சிறப்பாக ஓடுகிற ஒரு வடிகட்டியை எடுத்தெறிந்து பெறும் பத்து குதிரைத்திறன் எனக்கு வேண்டாம்.

1.9 எஞ்சினுக்கு 360 என்பது அதன் கொள்ளளவுக்கு ஏற்கெனவே தாராளமான எண் என்பதையும் மறக்கக்கூடாது. லிட்டருக்கு 190 நியூட்டன் மீட்டர், 2.5-ல் அது 128. இசுஸு மிச்சம் வைத்திருக்கும் இடம் இங்கே குறைவு. உத்தரவாதம் முடிந்தபின், டிபிஎஃப்பைத் தொடாமல், 390-க்குள் நிற்கும் மேப் என்றால் யோசிக்கலாம். ஈசியூவின் அளவீட்டு அடையாள எண் மாறியிருப்பதைக் கம்பெனி ஸ்கேனர் கண்டுபிடிக்கும் என்பதால், உத்தரவாதக் காலத்தில் ரகசியமாகச் செய்யலாம் என்று நம்பவேண்டாம்.

பெரிய டர்போ, பெரிய இன்டர்கூலர், ஏர் இன்டேக்

மிதமான ரீமேப்புக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை. பேப்பர் ஏர் ஃபில்டரைப் புதிதாக மாற்றினாலே போதும். ஆயில் தடவிய ஃபில்டர் நம் ஊர்ப் புழுதியை அந்த அளவுக்குப் பிடிப்பதில்லை, காற்றளவு சென்சாரையும் அழுக்காக்கும். பெரிய இன்டர்கூலர் மட்டும் நீண்ட ஏற்றங்களில் படகோ டிரெய்லரோ இழுப்பவருக்கு நியாயமான செலவு. பெரிய டர்போ போட்டால் நாம் முதலில் குறைபட்டுக்கொண்ட வளைவுச் சோம்பல் இன்னும் மோசமாகும். அது போட்டி வண்டிகளுக்கான சமாச்சாரம்.

அந்தப் பணத்தில் பிரேக்கைப் பார்க்கச் சொல்வேன். வி-கிராஸின் பின்னால் இருப்பது டிரம். நூறில் போகிற வண்டி நூற்றிருபதில் போனால் நிறுத்தவேண்டிய ஆற்றல் 44 சதவீதம் கூடுகிறது. தொப்பூர் கணவாயில் இறங்குபவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. புது பிரேக் ஃப்ளூயிட், நல்ல முன் பேட், தரமான டயர், இவை மூன்றும் ரீமேப்புக்கு முந்தைய செலவு.

காகித வேலை

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தம் சேர்த்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ரீமேப்பை சாலையில் யாரும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பது ஆறுதலாகாது. விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வரும்போது அது பெரிய தொகைக்கான கேள்வியாகும். முன்கூட்டியே காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொண்டு, அதையும் கணக்கில் சேர்த்து முடிவெடுங்கள்.

ட்யூனரைத் தேர்ந்தெடுக்கும்போது டைனோ (பவரை அளக்கும் உருளை மேடை) தாளை மட்டும் பார்க்காதீர்கள். டைனோவில் ஓட்டம் அரை நிமிடம். மின்விசிறி எதிரே நிற்கும். முன்பும் பின்பும் சாலையில் எடுத்த பதிவைக் கேளுங்கள்: ஈசியூ கேட்ட பூஸ்ட், உண்மையில் வந்த பூஸ்ட், ரயில் அழுத்தம், காற்றளவு. கேட்டதும் வந்ததும் ஒட்டி நடந்தால் டர்போ ஆரோக்கியமாக இருக்கிறது, மேப்பும் அதன் எல்லைக்குள் இருக்கிறது. "அதெல்லாம் உங்களுக்கு எதற்கு சார்" என்பவரிடம் வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள். கம்பெனி மேப்பின் அசல் கோப்பை ஒரு பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள்; வண்டியை விற்கும்போதோ, மேப் பிடிக்காமல் போகும்போதோ, ட்யூனர் கடையை மூடிவிட்டுப் போகும்போதோ, பழைய நிலைக்குத் திரும்ப உங்களிடம் இருக்கும் ஒரே வழி அந்தக் கோப்புதான்.